ஜார்ஜ்டவுனைக் காலால் பார்க்க: ‘விரும்பியதைக் கொடுங்கள்’ நடைச் சுற்றுகளில் சேர்வது எப்படி

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் கட்டணம் குறிக்காத நடைச் சுற்றுகளின் முறை எளிது. முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டு சொன்ன இடத்தில் போய் நிற்க வேண்டும். வழிகாட்டி இரண்டு, இரண்டரை மணி நேரம் தெருத் தெருவாகக் கூட்டிப்போய்க் காட்டுவார். முடிந்ததும் உங்களுக்கு நியாயமாகப் பட்ட தொகையை அவர் கையில் கொடுக்க வேண்டும். விளம்பரத்தில் ‘இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த வழிகாட்டிக்கு அன்றைய கூலியே நீங்கள் கொடுப்பதுதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் பினாங்குக்கு வரும் நம்மவர்கள் இந்தச் சுற்றுகளில் அதிகம் சேர்வதில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலில் ஒரு தரிசனம், லிட்டில் இந்தியாவில் சேலை, ஒரு நாசி கண்டார் சாப்பாடு, அத்தோடு வண்டி ஏறிவிடுகிறார்கள். சேர்ந்தவர்களுக்கும் ஒரு குறை இருக்கிறது. சுற்று ஆங்கிலத்தில் நடக்கிறது. ஐரோப்பியரும் ஆஸ்திரேலியரும் எதிர்பார்ப்பதை வைத்து வழி போடுகிறார்கள். கோட்டை, சீனக் குல மன்றம், சுவரோவியம் என்று நேரம் போய்விட, தமிழர் வாழ்ந்து கட்டிய தெருக்களுக்குக் கடைசியில் பத்து நிமிடம்கூட மிஞ்சுவதில்லை. மசாலா வாசனையும் பாட்டுச் சத்தமும் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். இதைச் சரிசெய்வது உங்கள் கையில் இருக்கிறது. எப்போது, யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

சுற்றைத் தேர்ந்தெடுப்பது

நட்சத்திர மதிப்பீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லாருக்கும் நாலரைக்கு மேல்தான் இருக்கும். விமர்சனங்களைத் திறந்து, வழிகாட்டி சொன்ன ஏதாவது ஒரு செய்தியை, நின்று பார்த்த ஏதாவது ஒரு கட்டடத்தைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ‘நல்ல மனிதர், சிரிக்க வைத்தார்’ என்று மட்டுமே பத்துப் பேர் எழுதியிருந்தால் அங்கே சரக்கு குறைவாக இருக்கலாம்.

அடுத்தது உரிமம். மலேசியாவில் 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, உரிமம் இல்லாமல் யாரும் சுற்றுலா வழிகாட்டியாகத் தொழில் செய்யக்கூடாது. கட்டணம் குறிக்காத சுற்று என்பதால் விலக்கு இல்லை. உரிமம் பெற்றவர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார். அட்டை கண்ணில் படாவிட்டால் மரியாதையாகக் கேட்கலாம், தவறில்லை. தேர்வு எழுதி, ஆண்டுதோறும் வகுப்புக்குப் போய் உரிமத்தைக் காப்பாற்றிக்கொள்பவர் அதைக் காட்டச் சங்கடப்படமாட்டார்.

மூன்றாவது, எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்பது. பதினைந்து பேருக்கு மேல் போனால் கடை வீடுகளின் முன் தாழ்வாரமான அஞ்சடியில் நின்று கேட்க முடியாது. முதல் ஆறு பேருக்குக் குரல் கேட்கும். மற்றவர்கள் சாலையில் நின்று மோட்டார்ச் சத்தத்தைத்தான் கேட்பார்கள். பத்துப் பேருக்குள் நடத்துபவர் கிடைத்தால் விடாதீர்கள்.

பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியது

பெரும்பாலான வழிகாட்டிகள் வாட்சப்பில் பதில் சொல்வார்கள். வழியை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டிய நேரம் அதுதான். நடுத்தெருவில், மற்ற பத்துப் பேர் காத்து நிற்கும்போது கேட்டால் அவரால் எதுவும் செய்ய முடியாது. இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

‘வணக்கம் அண்ணா. சனிக்கிழமை காலைச் சுற்றுக்கு நாங்கள் 4 பேர். ஒருவர் 70 வயது அம்மா, மெதுவாக நடப்பார். குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலும் நாகூர் தர்காவும் வழியில் வருமா? தமிழில் கொஞ்சம் பேச முடிந்தால் அம்மாவுக்கு உதவியாக இருக்கும்.’

இதில் வழிகாட்டிக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது: தலை எண்ணிக்கை, நடக்கும் வேகம், உங்கள் விருப்பம், மொழி. தமிழ் பேசும் வழிகாட்டி பினாங்கில் கிடைப்பார். ஆனால் பொதுச் சுற்றில் பல நாட்டவர் இருப்பதால் முழுக்கத் தமிழில் நடத்த முடியாது. ஆறேழு பேர் குடும்பமாக வருவதென்றால் உங்களுக்கென்று தனிச் சுற்று கேட்பதே நல்லது. அதற்குக் கட்டணம் முன்பே பேசி முடிவாகும். விரும்பிய தொகை என்ற பேச்சு அதில் வராது.

எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எட்டுப் பேருக்குப் பதிவு செய்துவிட்டு மூன்று பேர் போய் நிற்பது நம்மிடம் அடிக்கடி நடக்கிறது. அந்த ஐந்து இடத்துக்கு வேறு யாரையும் அவர் சேர்த்திருக்கமாட்டார். வர முடியாது என்று தெரிந்தால் முந்தின நாள் இரவுக்குள் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். காசு கட்டவில்லையே என்று சும்மா இருந்துவிடுவதால்தான் சில வழிகாட்டிகள் இப்போது முன்பணம் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

நாளும் நேரமும்

காலை 9 மணிக்குத் தொடங்கும் சுற்று நல்லது. பதினொன்றரைக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வெயில் தாங்காது. கோயிலும் மதியம் நடை சாத்திவிடும். மாலை 4 மணிச் சுற்றில் வெளிச்சம் அழகாக இருக்கும், கோயிலும் திறந்திருக்கும். ஆனால் அருங்காட்சியகங்களும் குல மன்றங்களும் 5 மணிவாக்கில் கதவடைக்கத் தொடங்கிவிடும். உங்களுக்கு எது முக்கியம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கோயிலும் தெரு வாழ்க்கையும் வேண்டுமென்றால் மாலை. உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய கட்டடங்கள் வேண்டுமென்றால் காலை.

வெள்ளிக்கிழமை பகல் 12 முதல் 2.30 வரை பள்ளிவாசல் பக்கம் பார்வையாளராகப் போக வேண்டாம். சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாளும் பாதிக் கடைகள் மூடியிருக்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம், அதுவும் பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல். அந்த மாதங்களில் காலைச் சுற்றையே எடுங்கள்.

கையில், காலில், தோளில்

முழுச் சுற்றும் மூன்று கிலோமீட்டருக்குள்தான் வரும். தூரம் களைப்பாக்காது, நிற்பதுதான் களைப்பாக்கும். வழிகாட்டி ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முதல் பத்து நிமிடம் பேசுவார். முழங்கால் வலி உள்ளவர்கள் மடக்கு முக்காலி ஒன்று எடுத்துவந்தால் கடைசிவரை இருக்க முடியும்.

அஞ்சடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடை வீடுகளுக்கு முன்னால் போகும் அந்தத் தாழ்வாரம் வெயிலுக்கும் மழைக்கும் அருமையான நிழல். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வாசலைத் தமக்கு வேண்டிய உயரத்துக்குப் போட்டிருப்பதால், பத்தடிக்கு ஒரு படி ஏறும், இறங்கும். நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும், கேஸ் தோம்பு நிற்கும். பக்கத்திலேயே திறந்த சாக்கடை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் விழுவது இங்கேதான். கோயில், பள்ளிவாசல் என்று கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் கயிறு கட்டும் காலணி வேண்டாம். பிடிமானமுள்ள செருப்பு போதும். மழை நாளில் பழைய தரை ஓடுகள் வழுக்கும்.

உடை முழங்காலையும் தோளையும் மூடினால் எங்கும் தடை இருக்காது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் பார்வையாளர்களுக்கு அங்கி கொடுப்பார்கள். இருந்தாலும் அக்காமார் ஒரு துப்பட்டா வைத்திருப்பது நல்லது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு குடை. குடை மழைக்கு மட்டுமல்ல, பாடாங் கோத்தா லாமாவில் நிழலே கிடையாது.

காரில் வருபவர்கள் சுற்று தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். நிறுத்த இடம் தேடியே இருபது நிமிடம் போகும், ஒருவழித் தெருக்கள் சுற்றவைக்கும். சாலையோர நிறுத்தத்துக்குப் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலியை முன்பே இறக்கி வைத்து, மூன்று மணி நேரத்துக்குக் கட்டிவிடுங்கள். பட்டர்வொர்த்தில் ரயிலோ பேருந்தோ இறங்கி வருபவர்களுக்குப் படகே போதும். படகுத்துறையிலிருந்து கோட்டை வரை நடந்தே போகலாம்.

சந்திக்கும் இடத்தைப் பற்றி ஒன்று. இங்கே தெருக்களுக்கு இரண்டு பெயர். பெயர்ப்பலகையில் ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் என்று இருக்கும், வழிகாட்டி பிட் ஸ்ட்ரீட் என்பார். லெபோ பசார் என்றாலும் மார்க்கெட் ஸ்ட்ரீட் என்றாலும் ஒன்றே. நம் பெரியவர்கள் அதைக் கடைத்தெரு என்பார்கள். தெருப் பெயரை நம்பிப் போகாமல், எந்தக் கட்டடத்தின் எந்த வாசல் என்று கேட்டு, வரைபடக் குறியை வாங்கிக்கொள்ளுங்கள்.

வழியும், எங்கே காது கொடுக்க வேண்டும் என்பதும்

பெரும்பாலான சுற்றுகள் கடற்கரையில் தொடங்கும். 1786 ஆகஸ்ட் 11 அன்று ஆங்கிலேய வணிகர் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடியை ஏற்றி, தீவுக்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயர் வைத்த இடம் இந்தப் பக்கம். கார்ன்வாலிஸ் கோட்டை முதலில் நிபோங் பனைமரத் தடுப்புதான். செங்கல் கோட்டை பிறகு வந்தது. அதில் ஒரு போரும் நடந்ததில்லை. உள்ளே போகத் தனிக் கட்டணம். சுற்று பெரும்பாலும் வெளியே நின்றே பேசிவிட்டு நகரும், அதில் பெரிய இழப்பு இல்லை. எதிரே மணிக்கூண்டு. விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சிக்காகச் சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் 1897-இல் 60 அடி உயரத்தில் கட்டத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் குண்டு அதிர்வில் சற்றே சாய்ந்திருக்கிறது. கோபுரத்தின் ஓரத்தையும் பின்னால் உள்ள கட்டடத்தின் ஓரத்தையும் ஒப்பிட்டால் சாய்வு தெரியும்.

வழிகாட்டி தரமானவரா என்று இந்த இடத்திலேயே தெரிந்துவிடும். லைட் பீரங்கியில் வெள்ளிக் காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார், காசுக்காக ஆட்கள் காட்டை வெட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. அதை ‘சொல்வார்கள்’ என்று சொல்கிறாரா, நடந்ததாகவே சொல்கிறாரா என்று கவனியுங்கள். கெடா சுல்தானைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். சுல்தான் இராணுவப் பாதுகாப்பை எதிர்பார்த்துத்தான் தீவைக் கொடுத்தார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கொடுக்கவில்லை. தீவை மீட்கப் படை திரட்டித் தோற்ற சுல்தான், 1791-இல் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலருக்கு ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. இதைச் சொல்லும் வழிகாட்டியை நம்பிக் கடைசிவரை நடக்கலாம்.

அங்கிருந்து செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1818-இல் கட்டி முடித்தது. வெள்ளைத் தூண்களைப் படம் எடுக்க எல்லாரும் ஓடுவார்கள். அதைக் கட்டியதில் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கைதிகளின் உழைப்பு இருக்கிறது. வழிகாட்டி சொல்லாமல் விட்டால் நீங்களே கேளுங்கள். இந்த ஊரின் சாலைகளிலும் பொதுக் கட்டடங்களிலும் அவர்கள் கை பட்டிருக்கிறது. தமிழர் வரலாற்றை ரப்பர்த் தோட்டத்தில் மட்டும் தேடுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

பிறகு பிட் ஸ்ட்ரீட். நல்லிணக்கத் தெரு என்று சுற்றுலாத் துறை சொல்வது இதைத்தான். ஒரே நீளத்தில் தேவாலயம், சீனரின் குவான் இம் கோயில், மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இங்கேதான் நம்முடைய இடம் கைநழுவிப் போகும். மகாமாரியம்மன் கோயில் பிட் ஸ்ட்ரீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. பின்சுவரைக் கைநீட்டிக் காட்டி, ‘இது இந்துக் கோயில்’ என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். கோபுரமும் வாசலும் குவீன் ஸ்ட்ரீட்டில் இருக்கின்றன. குவான் இம் கோயிலுக்கு எதிரே சைனா ஸ்ட்ரீட்டில் இறங்கி, குவீன் ஸ்ட்ரீட் வந்ததும் வலப்பக்கம் திரும்பினால் கோயில் உங்கள் வலக்கைப் பக்கம் வரும். மூன்று நிமிட நடை. முன்பே வாட்சப்பில் கேட்டிருந்தால் வழிகாட்டி கட்டாயம் அந்தப் பக்கம் திருப்புவார்.

வாசலுக்கு நேர் எதிர் அஞ்சடியில் நின்று பாருங்கள். கோபுரம் 23.5 அடிதான். அண்ணாந்து கழுத்து வலிக்க வேண்டியதில்லை, 38 உருவங்களையும் முகம் முகமாகப் பார்க்கலாம். பக்கத்துக் கடை வீடுகளின் கூரையும் அதுவும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கின்றன. 1801-இல் இந்த இடம் தென்னிந்தியர்களின் தலைவராக இருந்த பெட்டி லிங்கம் செட்டிக்கு வழங்கப்பட்டது. 1833-இல் கோயிலாக எழுந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் படகோட்டியவர்களும் கும்பிட்ட கோயில் இது. துறைமுகம் இங்கிருந்து நாலு தெரு தள்ளித்தான். உள்ளே போனால் கருவறையைப் படம் எடுக்காதீர்கள். கூட வரும் வெளிநாட்டவர் எடுக்கப் போனால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வழிகாட்டிக்கும் அது உதவி.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் 1801 என்றே சொல்வார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன், கம்பெனி கொடுத்த 18 ஏக்கரில் எழுப்பியது. ஆனால் இன்று நீங்கள் பார்க்கும் குவிமாடமும் முகலாயச் சாயலும் அந்தக் காலத்தவை அல்ல. 1910-ஆம் ஆண்டை ஒட்டி நியூபுரோனர் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடப்படி மாற்றியமைத்த பிறகு வந்த தோற்றம் அது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், சூலியா ஸ்ட்ரீட்டும் கிங் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் முனையில் இருக்கும் சின்ன நாகூர் தர்காவின் அருமை புரியும். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகச் சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய இடம். இங்கே அடக்கம் எதுவும் இல்லை, நினைவு மட்டும்தான். அதன் வெளிச்சுவரிலேயே குட்டிக் கடைகள் பதிந்திருக்கின்றன. தொப்பியும் அத்தரும் வாங்க நிற்பவர்கள் தர்காவின் சுவரில் சாய்ந்து நிற்கிறோம் என்றே அறியமாட்டார்கள். பெரும்பாலான சுற்றுகள் இதைத் தாண்டிப் போய்விடும். இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் எதிர்மாறான சிக்கல். 2012-இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்துக்கு முன்னால் வரிசை நிற்கும். குழுவில் நாலு பேர் வரிசையில் சேர்ந்தால் இருபது நிமிடம் போச்சு. ‘படத்துக்கு நாங்கள் பிறகு வந்துகொள்கிறோம்’ என்று நீங்களே முன்மொழியுங்கள். மற்றவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அதே தெருவில் 120-ஆம் எண் வீடு, 1910-இல் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென்னின் இயக்கம் திட்டம் தீட்டிய இடம். அடுத்து 1808-இல் எழுந்த ஆச்சே தெருப் பள்ளிவாசல், 1906-இல் கட்டி முடித்த கூ குல மன்றம். குல மன்றத்துக்குத் தனி நுழைவுச்சீட்டு, அது வழிகாட்டிக்குக் கொடுக்கும் தொகையில் சேராது.

சுற்று, சீனக் குலத்தார் கடலுக்குள் கால் நட்டு வீடு கட்டியிருக்கும் கடலோரக் குல மேடைகளில் முடிந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். சியூ மேடையில் இருப்பவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். திறந்த கதவுக்குள் கைப்பேசியை நீட்டாதீர்கள்.

கடை வீட்டுச் சுவரைப் படிக்கக் கேளுங்கள்

நல்ல வழிகாட்டி கையில் கிடைத்தால் கட்டடத்தின் வயதையும் குணத்தையும் பார்க்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். சுவரின் அடிப்பகுதி மூன்றடியைப் பாருங்கள். பழைய கடை வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக மூச்சுவிட்டுக் காய்ந்துபோகும். யாராவது அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொரிபொரியாக உதிரும். புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவர் ஓர் ஆண்டுக்குள் வெடித்திருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். விரலால் தொட்டுப் பார்க்கலாம், உரிக்காதீர்கள்.

கூடவே வாடகையைப் பற்றிக் கேளுங்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் முற்றாக விலகியது. பல பத்தாண்டுகள் குறைந்த வாடகையில் இருந்த குடும்பங்களும் சிறு தொழில்களும் இந்தத் தெருக்களை விட்டுப் போனது அதன் பிறகுதான். 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதன்பின் தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. எந்தக் கடை வீட்டில் இன்னும் ஆள் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால், மாடியில் காயும் துணியைக் காட்டிச் சொல்லும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள்.

எவ்வளவு கொடுப்பது

இதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் மலேசியாவில் இல்லை. ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பதா, ஐம்பது கொடுப்பதா என்று தெரியாமல் கடைசி நிமிடத்தில் நழுவுகிறவர்களும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துப் பேர் பதிவு செய்து ஆறு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 10 வெள்ளி கொடுத்தால் 60 வெள்ளி. பதிவுத் தளங்கள் பலவும், வந்தவர் தலைக்கு இவ்வளவு என்று வழிகாட்டியிடமிருந்தே பிடித்துக்கொள்ளும். தொடக்கத்தில் எல்லாரையும் நிறுத்தி ஒரு குழுப்படம் எடுப்பது பல இடங்களில் இந்தத் தலைக்கணக்குக்காகத்தான். எண்ணெய்க் காசு, நிறுத்தக் கட்டணம் போனால் மிச்சம் மிகக் குறைவு. இரண்டரை மணி நேரம் நடந்து பேசியதற்கு முன், வந்து காத்திருந்த நேரமும் உண்டு.

அதனால் எங்கள் கருத்து இது: இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்த ஒழுங்கான சுற்றுக்கு ஒரு பெரியவருக்கு 30 முதல் 50 வெள்ளி. மாணவர் என்றால் 15 முதல் 20. பெற்றோரும் இரண்டு சிறு பிள்ளைகளும் சேர்ந்த குடும்பத்துக்கு 80 முதல் 100. உங்களுக்காக வழியை மாற்றியிருந்தால், தமிழிலும் சொல்லியிருந்தால், அம்மாவுக்காக நின்று நின்று போயிருந்தால் கூட்டிக் கொடுங்கள். பாடம் ஒப்பித்துவிட்டு, கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டால் குறைக்கலாம். அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது, விரும்பிய தொகை என்பதன் பொருளே அதுதான்.

பாதியில் போக வேண்டியிருந்தால் நடுவில் ஒரு நிறுத்தத்தில், அவர் பேசி முடித்ததும் பக்கத்தில் போய்ச் சொல்லி, பாதித் தொகையாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.

கொடுக்கும் விதம்: 10, 20 வெள்ளி நோட்டுகளை முந்தின நாளே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பண இயந்திரம் பெரும்பாலும் 50-ம் 100-ம்தான் தள்ளும். முடிந்ததும் நோட்டை மடித்து, நன்றி சொல்லி, கையில் வைப்பது போதும். எல்லாருக்கும் முன்னால் எண்ணிக்காட்ட வேண்டாம். கைப்பேசியில் பணம் அனுப்ப டூயிட்நவ் கியூஆர் குறி வைத்திருப்பவர்களும் உண்டு. அனுப்பியதும் திரையைக் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் யார் அனுப்பியது என்று அவருக்குத் தெரியாது.

இரண்டு இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள். விளம்பரத்தில் விரும்பிய தொகை என்று போட்டுவிட்டுக் கடைசியில் ‘ஆளுக்கு 80 கட்டாயம்’ என்று கேட்டால், ‘பதிவில் அப்படிப் போடவில்லையே’ என்று பொறுமையாகச் சொல்லி, உங்களுக்கு நியாயமானதைக் கொடுத்துவிட்டு நகருங்கள். சுற்றின் நடுவே ஏதாவது ஒரு கடைக்குள் கூட்டிப்போய்க் கால் மணி நேரம் பொருள் காட்டவைத்தால் அதற்குத் தரகு இருக்கலாம். வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெளியே நின்றபடி ‘நாங்கள் இங்கேயே காத்திருக்கிறோம் அண்ணே’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

விமர்சனம் எழுதுவது காசுக்கு அடுத்தபடி அவருக்குப் பெரிய உதவி. எதை எங்கே நின்று சொன்னார் என்று எழுதுங்கள். ‘குவீன் ஸ்ட்ரீட் பக்கம் கூட்டிப்போய் மாரியம்மன் கோயில் வரலாற்றைச் சொன்னார்’ என்று பத்துப் பேர் எழுதினால், அடுத்த ஆண்டு அந்தத் தெரு அவருடைய வழக்கமான வழியிலேயே சேர்ந்துவிடும்.

சுற்று முடிந்த பிறகு நீங்களாக

விட்டுப்போன இடங்களை அன்று மாலையே பார்த்துவிடலாம், ஒரு மணி நேரம் போதும். ஐந்தரைக்கு நாகூர் தர்கா முனையில் தொடங்கி, கிங் ஸ்ட்ரீட்டில் ஏறி, கடைத்தெருவில் வலப்பக்கம் திரும்பிப் பினாங்கு ஸ்ட்ரீட் வரை போங்கள். நாணய மாற்றுக் கடைகள், நகைக் கடைகள், பூக்கட்டும் மேசைகள் எல்லாம் இந்தப் பக்கம்தான். வட்டித் தொழில் நடத்திய செட்டியார்களின் கிட்டங்கிகள் (தொழில் நடத்திய கட்டடங்கள்) இருந்த வட்டாரமும் இதுவே. தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலை வெள்ளி இரதம் புறப்படுவது பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்துதான். அது 1894-இல் காரைக்குடியிலிருந்து வந்த இரதம். கடை வைத்திருப்பவர்களிடம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ஏதாவது வாங்கிக்கொண்டே, ‘இந்தக் கடை எத்தனை வருசமாக இருக்கு அங்கிள்?’ என்று கேளுங்கள். வழிகாட்டிகளுக்கும் தெரியாத செய்தி அங்கே கிடைக்கும்.

ஆறரைக்குள் குவீன் ஸ்ட்ரீட் திரும்பினால் மாலைப் பூசைக்குப் போகலாம். தைப்பூச வாரத்தில் மட்டும் இந்தத் திட்டம் வேண்டாம். தெருக்களை அடைத்திருப்பார்கள், நடைச் சுற்றுகளும் பெரும்பாலும் நிறுத்திவைக்கப்படும்.